சௌசௌவுக்கு யாரும் ஊர் கேட்பதில்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த தம்பி ஒருவர், இலையில் நான் வைத்த சௌசௌ கூட்டை ஆள்காட்டி விரலால் மெல்ல ஓரத்துக்குத் தள்ளினார். அப்புறம் சங்கடமாகச் சிரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. ஹாஸ்டல்ல நாலு வருஷம் இதைத்தான் போட்டாங்க. இந்த மலைக்கே உரிய சாப்பாடு ஏதாவது இருந்தா வைங்களேன்."

அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எங்கள் சௌசௌ பந்தல். காய் தொங்குவது அங்கிருந்தே தெரியும். அந்தக் கூட்டுக்கு நான் காய் பறித்தது அன்று காலை பத்து மணிக்கு. இதைவிட இந்த மலைக்கு உரியதாக எதைக் கொண்டுவந்து வைப்பது?

வைத்தேன். ஒரு பட்டர் ஃப்ரூட்டை, அதாவது அவகாடோவை, அரிந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஒரு கிண்ணத்தில். உடனே போன் வெளியே வந்தது. கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நகர்த்தி, பின்னால் காப்பிச் செடியும் தெரிகிற மாதிரி நான்கு படம் எடுத்துக்கொண்டார்.

தங்க வந்தவர்களிடம் பாடம் எடுக்கக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். அதனால் அங்கே வாயை மூடிக்கொண்டேன், இங்கே எடுக்கிறேன். சௌசௌ, பட்டர் ஃப்ரூட் இரண்டுக்கும் பூர்வீகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும்தான். ஒரே பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு ராஜ மரியாதை, இன்னொருவருக்கு இலையின் ஓரம்.

எங்களுக்குக் கொடைக்கானலுக்குக் கீழே, கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி போகிற பக்கம் மூன்றரை ஏக்கர். காப்பி, மிளகு, பந்தல் சௌசௌ, ஊடே கொஞ்சம் வாழை, ஏழு பட்டர் ஃப்ரூட் மரம். மாடியில் இரண்டு அறைகளை வருகிறவர்களுக்கு விடுகிறோம். சமையல் நானும் அத்தையும். அத்தை என்றால் வீட்டுக்காரரின் அம்மா, எழுபத்தாறு வயது, நாக்குக்கு மட்டும் இருபத்தைந்து.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு வந்தவர்கள் "காரம் கம்மியா போடுங்க" என்று மட்டும்தான் சொல்வார்கள். இப்போது சாப்பாட்டுக்கு முன் ஒரு விசாரணை நடக்கிறது. எண்ணெய் செக்கில் ஆட்டியதா? முட்டை நாட்டுக்கோழியா? அரிசி எந்த ஊர்? பால் நாட்டுமாட்டு ஏ2 பாலா? அத்தைக்கு எங்கள் மாட்டின் பெயர் லட்சுமி என்பது தெரியும், அது ஜெர்சி கலப்பு என்பது தெரியும், கறக்கும்போது உதைக்கும் என்பது நன்றாகத் தெரியும். ஏ2 தெரியாது. "எல்லாம் ஏ ஒன்னுதான் சாமி" என்று ஒருமுறை பதில் சொல்லிவிட்டார். கேட்ட அம்மா அன்று டீயே குடிக்கவில்லை.

சரி, சௌசௌவுக்கு வருகிறேன். அதை நடுவதற்கு விதை கிடையாது. அதாவது விதையைத் தனியாக எடுத்து நடுவதில்லை. முழுக் காயையே நட வேண்டும். முற்றின காயை வீட்டு மூலையில் போட்டு மறந்துவிட்டால் போதும், அகலமான முனை வாயைத் திறந்து முளை எட்டிப் பார்க்கும். "பல்லு முளைச்சிருச்சு" என்பார் அத்தை. அந்தப் பல் முளைத்த காயைக் குழியில் சாய்த்து வைத்து மண்ணைத் தள்ளினால், சில மாதங்களில் பந்தலை மூடிவிடும். தோல் சீவுவது வேறு கதை. சீவும்போது ஒரு பால் வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரல் காய்ந்ததும் பசை தடவின மாதிரி இழுக்கும், தோல் உரிகிற மாதிரி இருக்கும். புதிதாக வந்த மருமகள்கள் எல்லாரும் முதல் தடவை பயந்துபோவார்கள், நானும் பயந்தேன். தண்ணீருக்குள் வைத்துச் சீவ வேண்டும் என்பதை அத்தை மூன்றாம் நாள்தான் சொன்னார். வேண்டுமென்றேதான்.

காய் ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போகும். அங்கிருந்து பெரும்பாலும் கேரளா. ஓணம் சமயத்தில் விலை நன்றாக இருக்கும், மற்ற நாளில் ஜாதகம்தான். வீட்டுக்காரர் கொண்டுவரும் சீட்டை நான் கணக்கு நோட்டில் ஒட்டி வைப்பேன். கமிஷன், வண்டி வாடகை, சுமைக்கூலி, சாக்கு. இவ்வளவும் கழித்து கீழே ஒரு தொகை. கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே போன வாரங்களில் பறிப்புக் கூலிக்கே பத்தாது. காயைப் பந்தலிலேயே விட்டோம். அது அங்கேயே பல் முளைத்து, எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டு தொங்கியது. அந்தக் காய் எந்த மலையில் விளைந்தது, இயற்கை உரமா, எந்த ரகம் என்று மண்டியில் யாரும் கேட்டதில்லை. எடை எவ்வளவு, அவ்வளவுதான் கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கடையில் விற்கிற கேரட் கொடைக்கானல் பக்கத்து மேல்மலையில் விளைந்ததாகவே இருக்கும். ஆனால் கீழே ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கி, மண்டியைப் பார்த்துவிட்டு, மறுபடி மலையேறித்தான் இங்கே வருகிறது. அதை "லோக்கல்" என்று சொல்லலாமா என்று அந்தத் தம்பியைக் கேட்டிருக்கலாம்.

பட்டர் ஃப்ரூட் கதை இதற்கு நேர் தலைகீழ். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை யாரும் தின்ன மாட்டார்கள். நிழலுக்கு நின்ற மரம். பழம் பொத்தென்று விழும், நாய் நக்கும், மிச்சம் பன்றிக்கு. எங்கள் அம்மா ஒருமுறை சீனி போட்டுப் பிசைந்து கொடுத்தார். சோப்பைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று தம்பி துப்பிவிட்டான். இப்போது வியாபாரி பிஞ்சிலேயே வந்து மரத்தை அண்ணாந்து பார்த்து விலை பேசிவிட்டுப் போகிறார். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் டி.கே.டி. 1 என்று தனி ரகமே வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் இதற்குள்ளும் ஒரு மேல் கீழ் வந்துவிட்டது, தெரியுமா? போன வருடம் வந்த ஒரு பெண் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, ஹாஸ் இல்லையா?" என்று கேட்டார். ஹாஸ் என்பது கறுப்புத் தோல் ரகம். கலிஃபோர்னியாவில் ஒரு தபால்காரர் தோட்டத்தில் தற்செயலாகத் தேறி நின்ற மரம். 1935-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சென்னைக் கடைகளில் அது டான்சானியாவிலிருந்தெல்லாம் வந்து இறங்குகிறது. எங்கள் பழம் பச்சைத் தோல், பெரிசு, கொஞ்சம் தண்ணீர் சத்து அதிகம். ஆக ஏழு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு டான்சானியாவைத் தேடினார் அந்தப் பெண். நல்ல பெண்தான், போகும்போது அத்தைக்கு மூட்டுவலித் தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இந்த மலைக்கே உரிய சாப்பாடு" என்று அந்தத் தம்பி சொன்னது ராத்திரி வரை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். காப்பி எத்தியோப்பியாவிலிருந்து ஏமன் வழியாக வந்தது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. எங்கள் மிளகுக்கொடி இந்த மலைத்தொடரில் பிறந்ததுதான், ஆனால் அது ஏறி நிற்கிற சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மிளகு, ஏலக்காய், பலா, தேன். இந்த நான்கை வைத்து மத்தியானச் சாப்பாடு போட்டால் அந்தத் தம்பி மூன்று மணிக்கே காரை எடுத்திருப்பார்.

உண்மையாகவே இந்த மலையின் சாப்பாடு என்றால் அது இங்கத்திய பழங்குடிகளான பளியர்கள் காட்டில் தோண்டி எடுக்கிற வள்ளிக்கிழங்கும் தேனும்தான். அது என் வீட்டுச் சமையல் அல்ல. எங்கள் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்க வருகிறவர்களின் சாப்பாட்டை நான் வாழையிலையில் வைத்து, "மலை உணவு" என்று எழுதி, தனி விலை போட்டால் நன்றாகவா இருக்கும்? ஒரு ரிசார்ட்டில் அப்படிச் செய்வதாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் நீளமாக விளக்க வராது.

காப்பி விஷயத்தில் மட்டும் ஒரு வேடிக்கை சொல்லாமல் விட முடியாது. இருவர், கணவன் மனைவி, தங்கள் காப்பிப் பொடி, கையால் அரைக்கிற சின்ன இயந்திரம், காகித வடிகட்டி, வாய் நீண்ட கெட்டில், தண்ணீரின் சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர், எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டுக்கு! "உங்க பொடியில சிக்கரி இருக்குமே" என்றார் அந்த அம்மா, நோய் இருக்குமே என்கிற குரலில். இருக்கிறது. நூற்றுக்கு இருபது. பாக்கெட்டில் எவ்வளவு என்று போட வேண்டும் என்பதும், காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும் சட்டம். எங்களுக்குச் சட்டம் கிடையாது, மாமா காலத்து அளவு. நல்ல காப்பிக்கொட்டை எல்லாம் விலைக்குப் போய்விடும். தண்ணீரில் மிதந்தது, உடைந்தது, களத்தில் கடைசியாகக் கூட்டி அள்ளியது, இதெல்லாம்தான் வீட்டுக்கு. அதற்குக் கொஞ்சம் உடம்பு கொடுப்பது குஜராத்தில் விளைகிற சிக்கரி. தோட்டக்காரர் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மாவின் கணவர் விடிகாலையில் தனியாகச் சமையலறைக்கு வந்து, "உங்க காப்பி ஒரு டம்ளர்" என்று மெதுவாகக் கேட்டார்.

மற்றவர்களைச் சொல்லிக்கொண்டே போகிறேனே, என் யோக்கியதை என்ன? பூண்டில் நான் பெரிய ஜம்பக்காரி.

எனக்கு மலைப்பூண்டைத் தவிர வேறு ஆகாது. பூம்பாறையில் என் சின்னம்மா மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டில் பரண் கட்டி, பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படுகிற மாதிரி வைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் கெடாது. வருடத்துக்கு நான்கு கிலோ எனக்கு வந்துவிடும். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் என் ஜம்பம் இன்னும் ஏறியது. வருகிறவர்களிடம் ஒரு பல்லை நசுக்கி மூக்கருகே நீட்டி, "இது மேல்மலைப் பூண்டு, கீழே கிடைக்காது" என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்வேன். அந்தப் பூண்டில் முக்கியமான ரகத்துக்குப் பெயரே சிங்கப்பூர்ப் பூண்டு, இன்னொன்றுக்கு மேட்டுப்பாளையம் பூண்டு என்பதை மட்டும் பிரசங்கத்தில் சேர்ப்பதில்லை.

ஒரு நாள் ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பூண்டு ரசம். வழக்கம்போலப் பிரசங்கம். ரசத்தை நானும் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்து, "பாருங்க, அந்தக் காரம் தொண்டையில எப்படி நிக்குதுன்னு" என்றேன். ஆறு பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் மாடிக்குப் போனதும் அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "மலைப்பூண்டு போன வாரமே தீந்துபோச்சு தாயி. இது உம் புருஷன் மண்டியில இருந்து வாங்கியாந்தது. மத்தியப்பிரதேசத்துப் பூண்டுன்னு சாக்குல போட்டிருந்துச்சு."

நசுக்கி நீட்டியதும் அதே பூண்டுதான். என் மூக்குக்கும் தெரியவில்லை, நாக்குக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால் ஊர், மண், ரகம் எல்லாம் வெறும் பேச்சு என்று சொல்ல வருகிறேனா? இல்லை. வாழைப்பழம் என்னை அப்படிச் சொல்ல விடாது.

காப்பிக்கு நிழலாக எங்கள் அப்பா வீட்டில் விருப்பாச்சி நின்றது. மானாவாரி வாழை, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. பழத்தில் ஈரம் குறைவு. தோல் சுருங்கிக் கறுத்தாலும் உள்ளே கெட்டியாக இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தம் நாள்பட நிற்பதற்கு இந்தப் பழம்தான் காரணம் என்பார்கள். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ். புதிதாக வருகிற இலை ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் குட்டையாக, குறுகலாக, விறைத்து நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். மரம் சாகாது, காய்க்கவும் செய்யாது. அப்படியே நிற்கும். அப்பா ஒரு குத்தைத் தோண்டிப் போட்டால் அடுத்த வாரம் பக்கத்துக் குத்து தலையை நிமிர்த்தும். கீழ்ப்பழனி மலையில் பெரும்பகுதி வாழை அப்படித்தான் போனது. அப்பா கடைசிவரை வாழை இலையைப் பார்த்தால் முதலில் உச்சியைத்தான் பார்ப்பார், கல்யாண வீட்டு வாசலில் கட்டிய மரமாக இருந்தாலும்.

அப்புறம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நோயில்லாத கன்றைத் திசு வளர்ப்பில் எடுத்துக் கொடுத்தார்கள். 2008-ல் விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு வந்தது, 2019-ல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும். எங்கள் தோட்டத்தில் இப்போது முப்பது குத்து இருக்கிறது. யானை பாக்கி வைத்தால் எங்களுக்கு. ரொபஸ்டா வாழைப்பழத்தைவிட இதற்குக் கூட விலை கொடுக்க யாராவது இருந்தால்தான் இந்த முப்பது குத்தாவது நிற்கும். "இது எந்த ஊர்ப் பழம்?" என்று ஒருவர் கேட்கும்போது எனக்குக் கோபம் வராத ஒரே இடம் இதுதான். கேளுங்கள். கேட்டுவிட்டு விலையையும் கொடுங்கள். மேசையில் ஊர் கேட்டவர்களில் பாதிப்பேர், சீப்பின் விலையைக் கேட்டதும் "கீழ வத்தலக்குண்டுல பாதி விலைதானே" என்றிருக்கிறார்கள்.

யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன். 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் என்று கேரளத்தில் பெரிய சர்ச்சை கிளம்பியது. மண்டியில் எல்லாரும் கொதித்தார்கள். நம்மை வேண்டுமென்று மட்டம் தட்டுகிறார்கள் என்றார்கள். என் வீட்டுக்காரரும் சாயங்காலம் வந்து அரை மணி நேரம் கத்தினார். அத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "ஏன்டா, அப்ப வீட்டுக்குன்னு எதுக்கு அந்த ரெண்டு வரிசைக்கு மருந்தடிக்காம விட்டுருக்க?" என்றார்.

அப்போது நாங்கள் பீன்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம். கிணற்றை ஒட்டின இரண்டு வரிசை வீட்டுக்கு. மற்றது மண்டிக்கு. எங்களைச் சுற்றியிருந்த ஏழெட்டுத் தோட்டத்திலும் அப்படி இரண்டு வரிசை இருந்தது. வீட்டுக்காரர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவப் போய்விட்டார். மறு வருடம் பீன்ஸை விட்டோம். சர்ச்சையால் இல்லை, கூலி கட்டவில்லை என்பதால்தான். சௌசௌவுக்கு அவ்வளவு மருந்து தேவைப்படாது. அதனால்தான் பந்தல் போட்டோம். மருந்தே தொடாத காய் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வீட்டுக்கென்று தனி வரிசை இப்போது கிடையாது. மண்டிக்குப் போவதும் எங்கள் தட்டில் விழுவதும் ஒரே கொடிதான்.

அந்தத் தம்பியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டைத் தள்ளிவைத்த வேகத்தில் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை தோசை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியும், அத்தை அம்மியில் அரைத்த ஒரு துவையலும். பச்சையும் பழுப்புமாக, மேலே நல்லெண்ணெய் ஒரு சொட்டு. தம்பி முதலில் ஓரமாகத் தொட்டார். அப்புறம் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஐந்தாவது தோசைக்குச் சட்னியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாட்டி, இது என்ன துவையல்? செம்மயா இருக்கு."

நேற்று கூட்டுக்குச் சீவிய சௌசௌத் தோலை அத்தை ஒருநாளும் கீழே போட்டதில்லை. நல்லெண்ணெயில் சுருள வதக்கி, உளுந்தும் வறமிளகாயும் வறுத்து, புளி ஒரு சுளை வைத்து அரைத்துவிடுவார். நான் வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மலைத் துவையல் சாமி" என்றார். "இந்தப் பக்கத்துல மட்டுந்தேன் கிடைக்கும்."

தம்பி அதையும் படம் எடுத்துக்கொண்டார். செய்முறை அனுப்பச் சொல்லி இதுவரை மூன்று முறை மெசேஜ் போட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.